மாவு வண்டியின் இரண்டாவது கியர்

என் வண்டியைச் செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.

தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். மனைவி அரைப்பாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாதுங்காவில் வீடுகள், செம்பூரில் சின்னக் கடைகள். வண்டியின் இரண்டு பக்கமும் மாவுத் தூக்குகள் தொங்கும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். அதைக் கேட்டுத்தான் மாதுங்கா வீடுகளில் பாத்திரத்தைக் கழுவி வைப்பார்கள்.

அந்த மாடல் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் மூன்றுதான் மிச்சம். ஒன்று என்னுடையது. இன்னொன்று மாதுங்காவில் ஒரு சாருடையது. ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாமி என்னிடம் மாவு வாங்குகிறவர். வீட்டிலேயே அரைப்பதாகப் பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்திருந்தார். நான் வாயைத் திறக்கிற ஆள் இல்லை என்பதால்தான் என்னிடம் வாங்கினார் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வண்டி செம்பூர்க்காரருடையது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். டிராம்பேயில் ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் மற்ற நாளில் மீன் மார்க்கெட்டுக்கும் அந்த வண்டியில் போவார்.

ஒரே பழைய மாடல் வைத்திருப்பவர்கள் சிக்னலில் பார்த்துக்கொண்டால் ஆளைப் பார்க்க மாட்டார்கள். வண்டியைப் பார்ப்பார்கள். எது நன்றாக இருக்கிறது, எது போகப் போகிறது என்று பார்ப்பார்கள். எந்த வண்டி முதலில் படுக்கிறதோ அதன் சாமான் மற்ற இரண்டு பேருக்கு. இதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

செம்பூர்க்காரர் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பது இப்படித்தான்.

“என்னவே, நேத்து ஸ்டார்ட் ஆவ நேரமாச்சாமே?”

“யாரு சொன்னா?”

“காத்துல வந்துச்சு.”

“உம்ம டேங்க் ஒழுவுதாமே?”

“அது ஒழுவல வே. வேர்க்குது.”

மாதுங்கா சார் வண்டி ஓட்டுவதை எப்போதோ விட்டுவிட்டார். கண்ணில் ஆபரேஷன், பிறகு முழங்கால். ஆனாலும் வண்டி கட்டடத்துக் காம்பவுண்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. காலையில் தார்ப்பாயை எடுத்துத் துடைப்பார். ஸ்டாண்டு போட்டபடியே அதில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் மாவுத் தூக்கோடு உள்ளே நுழைந்தால் பேப்பருக்கு மேலே தலை தெரியும்.

“ஓய், உம்ம சைலன்சர்ல கார்பன் அடைச்சுண்டிருக்கு. சத்தத்திலேயே தெரியறது.”

“சரிங்க சார்.”

“என் வண்டியைப் பாரும். வாங்கின நாளா ஒரு சாமான் மாத்தினது கிடையாது.”

ஓடாத வண்டிக்கு எதற்கு சாமான் மாற்ற வேண்டும்? நான் கேட்கவில்லை. மாவை மாமியிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

வெயில் காலம் தொடங்குகிற நேரத்தில் என் வண்டியில் இரண்டாவது கியர் நழுவ ஆரம்பித்தது. போட்டால் நிற்காது. சயான் பாலத்தில் ஏறும்போது டக்கென்று வெளியே வந்துவிடும். எஞ்சின் அலறும், வண்டி நிற்கும், பின்னால் வருகிறவன் என் அம்மாவை விசாரிப்பான். முதல் கியரிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மாவுக் கனம். வண்டி இழுக்க முடியாமல் உதறியது.

எங்கள் சந்துக்கு வெளியே கேரேஜ் வைத்திருக்கிற பையன் பார்த்தான். “சாச்சா, இஸ்கோ ஆராம் தோ” என்றான். வண்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். எனக்கு ஓய்வு கொடு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

செம்பூர்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து எஞ்சினைத் திறந்தார். இரண்டாவது கியரின் பல் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். பல் மழுங்கிப்போயிருந்தது.

“இதுக்கு மருந்து இல்ல வே. வேற சக்கரம்தான் வேணும்.”

போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு, இருந்ததையே மறுபடி போட்டு மூடினோம். மறுநாள் இரண்டு பேரும் குர்லாவில் பழைய சாமான் கடைகள் இருக்கிற ரோட்டுக்குப் போனோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது எந்த நாட்டு வண்டி என்று கேட்டார். இன்னொருவர் வேறு ஒரு வண்டியின் சக்கரத்தை எடுத்துவந்து, ஃபிட் செய்து தருகிறேன் என்றார். செம்பூர்க்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “இத ஃபிட் பண்ணுனா இவரு ரிவர்ஸ்ல போவாரு” என்றார்.

நல்ல வெயில். அவருக்கு என்னைவிட வயது அதிகம். ஆனாலும் கடைசிக் கடைவரை நடந்தார். என்ன மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். குர்லாவில் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவி காத்திருந்தாள்.

“கெடைக்கலையா?”

“இல்ல.”

“எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு எடுங்கன்னு நானும் சொல்லுதேன். நீங்க காதுல வாங்க மாட்டேங்கிய.”

“அதுல சத்தம் வராது. மாவு வந்துட்டுன்னு வீடுகள்ல எப்படித் தெரியும்?”

“நீங்க சத்தம் போடுங்க. வாய் எதுக்கு இருக்கு?”

இந்த மாதம் முடிவதற்குள் வண்டி சரியாகவில்லை என்றால் ஸ்கூட்டர் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இதற்கிடையில் மாதுங்காவில் ஒரு சேதி. மாமி மாவை வாங்கிக்கொண்டே சொன்னார்.

“பில்டிங்கை இடிச்சுக் கட்டப் போறாளாம். எல்லாரும் காலி பண்ணணும். நாங்க செம்பூர்ல வாடகைக்குப் போறோம். அங்க வண்டி நிறுத்த இடம் கிடையாது. காம்பவுண்டுல இருக்கற பழைய வண்டியெல்லாம் எடுங்கோன்னு பில்டிங் செக்ரட்டரி தினம் வந்து நிக்கறார். உங்க சார் காதுல விழறதேயில்லை.”

நான் தலையாட்டினேன். தெருமுனை திரும்பியதும் வண்டியை நிறுத்திச் செம்பூர்க்காரருக்குப் போன் போட்டேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு, “பாவம், நல்ல மனுஷன்” என்றார். பிறகு, “டேங்க் எனக்கு” என்றார்.

அவருக்கு டேங்க் வேண்டும். எனக்கு இரண்டாவது கியர் வேண்டும். முழு எஞ்சினையும் எடுத்து மாட்டினால் எஞ்சின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் சக்கரம் மட்டும் போதும். ஆனால் பிரிப்போம் என்று சொன்னால் சார் தரமாட்டார். அதனால் முழு வண்டியாகக் கேட்பது, ஓட்டப்போகிறோம் என்று சொல்வது என்று பேசி வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். செம்பூர்க்காரர் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். மாமி பஜ்ஜி போட்டிருந்தார். காபியும் வந்தது. சார் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண்ணைக் கொடுக்கிற வீட்டில் கேட்கிற மாதிரித்தான் இருந்தது.

“என்ன ஆயில் போடறேள்?”

சொன்னோம்.

“ராத்திரி எங்க நிறுத்துவேள்?”

“வீட்டு வாசல்ல, சார்” என்றேன். “சந்துலதான்.”

“மழைக்கு?”

“நாங்க நனைவோம். அது நனையாது.”

சாருக்கு அது பிடித்தது. மாமியைப் பார்த்து, இன்னும் இரண்டு பஜ்ஜி போடு என்றார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். செம்பூர்க்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். தட்டை எட்டி எடுக்கும்போது காலை நீட்டினார். நாற்காலிக்கு அடியில் எதையோ இடித்துக் கணீரென்று சத்தம் கேட்டது.

“அது என்ன பை?” என்றார் சார்.

“சும்மா, சார்.”

“சும்மான்னா?”

செம்பூர்க்காரர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அது வாய் திறந்துகொண்டது. ஸ்பானர் செட்டு, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர். எஞ்சினைப் பிரிக்கிறவர்கள் மட்டும் வைத்திருக்கிற புல்லரும் இருந்தது.

சார் பையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பொண்ணு பார்க்க வரச்சே யாராவது பாடை கட்டற கயித்தைக் கையோட கொண்டு வருவாளா?”

உள்ளே மாமி சிரிப்பது கேட்டது. செம்பூர்க்காரர், “தொழில் பழக்கம் சார். கை வெறுமனே இருந்தா எனக்கு நடை வராது” என்றார்.

சார் என்னிடம் திரும்பினார். “நீர் சொல்லும். ஓட்டறதுக்கா, பிரிக்கறதுக்கா?”

“பிரிக்கத்தான், சார்.”

“பஜ்ஜி ஆச்சோன்னோ? கிளம்புங்கோ.”

படியில் இறங்கும்போது செம்பூர்க்காரர் பல்லைக் கடித்தார். “வாயைத் தொறக்க மாட்டீரே. இன்னைக்குன்னு பாத்து உம்மை யாரு வே உண்மைய பேசச் சொன்னா?”

“பையை யாரு கொண்டாரச் சொன்னா?”

“அவரு சம்மதிச்சா அங்கனயே பிரிச்சிரலாம்னு நெனச்சேன்.”

அந்த வாரத்திலேயே சயான் பாலத்தில் கியர் பெட்டி இறுகிக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். சந்தில் எல்லாரும் பார்த்தார்கள். மனைவி காலண்டரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிறகு மாவு பஸ்ஸில் போனது. மும்பை வெயிலில் மாவைப் பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழியில்லை. பஸ் வரக் காத்திருக்க வேண்டும், கூட்டத்தில் ஏற வேண்டும், இறங்கி நடக்க வேண்டும். மாவு அவ்வளவு நேரம் பொறுக்காது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பஸ் நின்றுகொண்டிருந்தபோது தூக்கின் மூடி தானாக மேலே எழும்பியது. நான் கையால் அமுக்கினேன். பக்கத்துத் தூக்கின் மூடி எழும்பியது. அதை முழங்காலால் அமுக்கினேன். மாவு ஓரத்தில் வழிந்து ஒரு அம்மாவின் செருப்புவரை போனது. கண்டக்டர் வந்து நின்றார்.

“சாச்சா, அந்தர் கௌன் ஹை?”

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். கை இரண்டும் மாவாக இருந்தது.

செம்பூரில் இரண்டு கடைகள் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டன. போகிறோம் என்று சொல்லவில்லை. நான் போனபோது பாக்கெட்டை அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். மரியாதைதான்.

மாதுங்கா மாமி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“இது இட்லிக்கா, மோர்க்குழம்புக்கா?”

வேண்டாம் என்பார் என்று நின்றேன். ஆனால் வாங்கிக்கொண்டார். மறுநாளும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாளும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. மாமி அந்த மாவிலேயே சாருக்குக் காலையில் இட்லி, ராத்திரி தோசை என்று போட்டிருக்கிறார். தனக்கு மட்டும் உப்புமா. சார் ஏன் என்று கேட்கவில்லை. மாமியும் சொல்லவில்லை. வண்டியைக் கொடுக்காததற்குத்தான் அது; அந்த வீட்டில் சண்டை அப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது.

ஒருநாள் சாரிடமிருந்து போன் வந்தது.

“ஓய், உம்ம மாவு ஏன் இப்படிப் புளிக்கறது?”

“வண்டி படுத்துட்டு, சார். பஸ்ல வருது.”



“அவரை வரச் சொல்லும்” என்றார். “அந்தப் பையோட.”

போனோம். காம்பவுண்டில் கோணி விரித்து வேலை தொடங்கியது. சார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செக்ரட்டரி மேலே பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, சார் மனதை மாற்றிக்கொள்வதற்குள் உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் சார், “மெதுவா, மெதுவா” என்றார். டேங்க் முதலில் கழன்றது. உள்ளே துரு இல்லை. செம்பூர்க்காரர் அதைத் தன் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

எஞ்சின் பிரிந்தது. கியர் சக்கரங்களை வெளியே எடுத்துத் துணியில் துடைத்தார் செம்பூர்க்காரர். மூன்றாவது கியர் புத்தம் புதிதாக இருந்தது. நான்காவதும் அப்படியே. கடைசல் போட்ட கோடுகூட அழியவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டாவதை எடுத்தார். துடைத்தார். மறுபடி துடைத்தார். என்னிடம் நீட்டினார்.

மொட்டை. என்னுடையதைவிட மோசம்.

செம்பூர்க்காரர்தான் கேட்டார். “சார், நீங்க மூணாவது கியரு போட்டதே இல்லியா?”

“மூணாவது ஸ்பீடுக்கு” என்றார் சார். “எனக்கு ஸ்பீடு பிடிக்காது.”

“ஆபீசுக்கும் ரெண்டாவதுலதான் போனியளா?”

“போய்ச் சேர்ந்தேனா இல்லையா?”

ஜன்னலில் மாமி நின்றுகொண்டிருந்தார். “அதான் நம்மளை சைக்கிள்காரன்லாம் தாண்டிண்டு போனானா! அவாளுக்கு அவசரம்னு சொன்னேளே!”

செம்பூர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வண்டியைப் பிரித்தாகிவிட்டது. என் வண்டிக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய் ஸ்கூட்டருக்குச் சரி சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

“உக்காரும் வே” என்றார் செம்பூர்க்காரர். அவர் கையில் அந்த மூன்றாவது கியரும் நான்காவதும் இருந்தன. கீழே வைக்க மனமில்லாமல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“எதுக்கு?”

“இந்த ரெண்டும் எனக்கு. டேங்கும் எனக்கு. சம்மதமா?”

“எடுத்துக்கிடும். எனக்கு எதுக்கு?”

“சார், உங்களுக்கு?”

“ஓடற வண்டியில இருந்தாச் சரி” என்றார் சார்.

செம்பூர்க்காரர் இரண்டு சக்கரத்தையும் பைக்குள் வைத்தார். பையை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நம்ம வீட்டுல ஒரு ரெண்டாவது கியரு கெடக்குன்னு நெனைக்கேன்.”

“எங்க?”

“கட்டிலுக்கு அடியில.”

“பழசா?”

“பாக்கெட்டு இன்னும் பிரிக்கல.”

நான் அவரைப் பார்த்தேன். “குர்லாவுல என்கூட நடந்தீரே வே. அந்த வெயில்ல. கடைசிக் கடை வரைக்கும்.”

“நடந்தேம்லா. உமக்கு ஒண்ணு அங்க கெடச்சிருந்தா என்னோடது தப்பிச்சிருக்கும்.”

சார் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கோபப்படலாமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பரணில் உளுந்து மூட்டைக்குப் பின்னால் ஒரு புது கிளட்ச் கேபிள் இருக்கிறது. போன வருஷம் அவர் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னேன். அதனால் கோபப்படவில்லை.

அன்று சாயந்திரம் அவர் எங்கள் சந்துக்கு வந்தார். பாக்கெட்டை என் மனைவி முன்னால் பிரித்தார். பிரிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. எண்ணெய்த் தாளுக்குள் சக்கரம் பளபளவென்று இருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இத்தனூண்டுக்கா இவ்வளவு பாடு?”

“இதுதான் உயிரு, தங்கச்சி” என்றார் அவர்.

“உங்களுக்கு உயிரு கட்டிலுக்கு அடியிலயா இருக்கு? அக்காகிட்ட சொல்லுதேன் இருங்க.”

அவர் எஞ்சினைத் திறந்து சக்கரத்தை மாற்றினார். மூடி, ஆயில் ஊற்றி, உதைத்தோம். எஞ்சின் பிடித்தது. சந்து முழுக்கப் புகை. எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சயான் பாலம்வரை போய்வந்தேன். இரண்டாவது கியர் போட்ட இடத்தில் நின்றது. செம்பூர்க்காரர் பின்னால் தன் வண்டியில் வந்துகொண்டே, “பாத்து வே, பாத்து!” என்று கத்தினார். அவர் வாய் ஹார்னைவிட மேல். நான் திரும்பி வந்தபோது மனைவி மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் பேச்சை எடுக்கவில்லை. வழக்கத்தைவிட இரண்டு படி கூடவே போட்டிருந்தாள்.

சாருடைய வண்டியில் மிச்சம் இருந்ததைச் செக்ரட்டரி இரும்புக்குப் போட்டார். அது எங்கள் தாராவிக்குத்தான் வந்திருக்கும். நான் போய்த் தேடவில்லை.

சாரும் மாமியும் இப்போது செம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இரண்டாவது மாடி. மாவு சரியான நேரத்துக்குப் போகிறது. மாமி இப்போது புதுப் பக்கத்து வீடுகளில் தான்தான் அரைப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறார். வண்டிச் சத்தம் கேட்டதும் சார் பால்கனிக்கு வந்து நிற்பார். பேப்பர் கையில் இருக்கும். உட்காரத்தான் நாற்காலி வேண்டியிருக்கிறது.

போன வாரம் மாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தத் தெரு லேசான ஏற்றம். முதல் கியர், இரண்டாவது கியர். அப்படியே போய்க்கொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது.

“ஓய்! எவ்வளவு தூரம் ரெண்டாவதிலேயே போவீர்? மூணாவது போடும்!”

“யார் சொல்றா பாருங்கோ!” என்று மாமியின் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

போட்டேன்.